பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்: எஸ்எஸ்டி போட்டு ஓட்டலாமா, பெட்டியையே மாற்றிவிடலாமா?

அரவேணு இலைக்கணக்கு கேட்டது:

வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணுவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சிறு விவசாயிகள் பறிக்கும் பச்சைத் தேயிலையை எடை போட்டு ஃபேக்டரிக்கு அனுப்புகிறோம். எடை போடுவது வீட்டுக்காரர். கணக்கு முழுக்க என் கையில். யார் எத்தனை கிலோ, மழை நாளில் ஈர இலைக்குக் கழித்தது எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, உரத்துக்குப் பிடித்தது எவ்வளவு என்று எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. மாதம் பிறந்து விலை தெரிந்ததும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுப்பேன். பெரிய எழுத்தில் கொடுப்பேன், வயதானவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்க வேண்டும் என்பதற்காக.

இதெல்லாம் ஓடுவது 2013இல் வாங்கிய அசெம்பிள் செட்டில். இன்டெல் ஐ3 3220, ரேம் 4 ஜிபி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 இருக்கிறது. பிரிண்டர் கேனான் எல்பிபி 2900.

இப்போது நிலைமை இதுதான். காலையில் சுவிட்ச் போட்டுவிட்டு அடுப்பில் பால் வைத்து, பொங்கி இறக்கி, டீ குடித்து முடித்த பிறகுதான் எக்செல் திறக்கிறது. சில சமயம் உள்ளே டக் டக் என்று சத்தம் வருகிறது. கரண்ட் போய் வந்தால் தேதி 2012க்குப் போய்விடுகிறது. அப்போது பேங்க் பக்கம் எதுவும் திறப்பதில்லை, ஏதோ பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. அக்டோபரிலிருந்து விண்டோஸ் 10க்கு அப்டேட் கிடையாது என்று வேறு திரையில் வந்துகொண்டே இருக்கிறது.

கீழே கோயமுத்தூரில் ஒரு கடையில் கேட்டதற்கு, இது விண்டோஸ் 11க்குத் தாங்காது, புதுப் பெட்டி வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகன், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடலாம் அம்மா என்கிறான். பக்கத்து வீட்டுத் தம்பி, விண்டோஸ் 11ஐயே ஏதோ வழியில் ஏற்றித் தருகிறேன் என்கிறார்.

எனக்கு வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கு போகக் கூடாது. அது என் கணக்கு மட்டும் இல்லை, ஊர் முழுக்க உள்ளவர்களின் கூலிக்கணக்கு. ஒருவர் வந்து, ஆடி மாதத்தில் எனக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று கேட்டால் நான் திறந்து காட்ட வேண்டும். இதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள். புதுசு வாங்க முடியாது என்றில்லை, ஆனால் தேவையில்லாமல் செலவழிக்க மனமில்லை.

கூடலூர் மழை:

வணக்கம் அக்கா. என் யோசனை, புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம். கம்பெனிகளில் ஓட்டிக் கழித்த ஆபீஸ் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் மாதிரி. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். "ஐ5 பெட்டி" என்று மட்டும் சொல்லி விற்பார்கள். பிராசசர் எண்ணை முழுதாகக் கேளுங்கள். ஐ5 7500 என்றால் ஏழாம் தலைமுறை, அதற்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது. 8500 என்றால் வரும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிதான், விலையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

குன்னூர் சர்வீஸ்:

சகோதரி, குன்னூரில் நெடுங்காலமாக இந்த வேலைதான் செய்கிறேன். மேலே தம்பி சொன்னது சரியான தகவல். ஆனால் உங்கள் செட்டை இன்றைக்கே தூக்கிப் போட வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து வருவதால் பெட்டியே செத்துவிட்டதாகத் தோன்றுகிறது.

முதலில் அந்த டக் டக். அது ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்பதற்கான சத்தம். இதைப் படித்து முடித்ததும் வேறு எதையும் செய்யாமல் கணக்கு ஃபைல்களை ஒரு பென்டிரைவிலும், கூகுள் டிரைவ் மாதிரி ஒரு இடத்திலும் காப்பி எடுத்துவிடுங்கள். இரண்டிலும் எடுக்க வேண்டும். பென்டிரைவ் ஒன்றை நம்பி ஊர்க்கணக்கை வைக்க முடியாது. எடுத்த காப்பியை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். காப்பி ஆனதா என்பதற்கு அதுதான் சாட்சி. அதன் பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலமாக இருந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

தேதி பின்னால் போவது மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்ததால். சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பேங்க் பக்கம் திறக்காததற்கும் அதுதான் காரணம். பேங்கின் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2012இல் நின்றுகொண்டு பார்த்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் அந்த எச்சரிக்கை போய்விடும்.

அடுத்தது வேகம். ஐ3 3220 எக்செல்லுக்கும் பிரவுசருக்கும் இன்றைக்கும் போதும். உங்களை நிறுத்தி வைப்பது சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கும், 4 ஜிபி ரேமும்தான். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத சிப் டிஸ்க், போடுங்கள். 240 அல்லது 256 ஜிபி, இரண்டரை இஞ்ச் அளவு, இப்போதைய ஹார்ட் டிஸ்க் மாதிரியே சாட்டா வயரில் மாட்டுகிற வகை. உங்கள் பெட்டியின் காலத்து போர்டு பெரும்பாலும் எச்61 என்ற வகையாக இருக்கும். அதில் என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டி போட இடமே கிடையாது, யாராவது அதை விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள். எச்61இன் சாட்டா வேகம் பழைய 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. ஆனாலும் நீங்கள் டீ குடிக்கும் நேரம் மிச்சமாகும், அதைச் சொல்ல முடியும்.

ரேமில் ஒரு விஷயம் முக்கியம். டெஸ்க்டாப் டிடிஆர்3, 1600 என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் மிக மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 என்று போட்டிருப்பார்கள். அவற்றில் சில, ஏஎம்டி பிராசசருக்கான போர்டுகளில் மட்டும் வேலை செய்பவை. விவரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். உங்கள் இன்டெல் போர்டில் மாட்டினால் திரையே வராது. முடிந்தால் கடையில் மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். பழைய ரேம் ஆனாலும் பரவாயில்லை, ரேம் லேசில் தேயாது.

விண்டோஸ் 11ஐ ஏதோ வழியில் ஏற்றுவது பற்றி. முடியும், ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துச் செய்கிறார்கள். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லையென்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் செய்து பார்க்கலாம். ஊர்க்கணக்கு இருக்கும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது உண்மைதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் இருக்கிறது. உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு இணைத்து வைத்தால் காசில்லாமல் சேரலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு வரும். யோசிக்க அவகாசம் கிடைக்கும் இல்லையா.

உங்கள் போர்டின் பெயர், டிஸ்க்கின் நிலை, வீட்டில் யுபிஎஸ் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

அரவேணு இலைக்கணக்கு:

மிக்க நன்றி அண்ணா. காப்பி எடுத்துவிட்டேன், மகனுக்கு அனுப்பி அவனிடமும் திறந்து பார்க்கச் சொன்னேன், திறக்கிறது. டிஸ்க் மஞ்சள்தான் காட்டுகிறது. போர்டு எச்61 என்று நீங்கள் சொன்னது சரி.

யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் பேட்டரி நிற்பதில்லை, கரண்ட் போன உடனே பெட்டியும் நின்றுவிடுகிறது. பிரிண்டரும் அதிலேயேதான் மாட்டியிருக்கிறது. இன்னொன்று, கேபினெட்டின் பின்பக்கம் கை பட்டால் சுருக்கென்று இருக்கும். மழைக்காலத்தில் அதிகம். பழகிவிட்டதால் நான் எழுதவில்லை, யுபிஎஸ் பற்றிக் கேட்டதும் ஞாபகம் வந்தது.

அப்புறம் மகன் சொல்லும் லினக்ஸ் பற்றி யாராவது சொல்லுங்கள். என் கணக்கு எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் டைப் செய்தது. பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மகனின் லேப்டாப்பில் திறந்தபோது தொகைகள் சரியாக இருந்தன, பெயர்கள் மட்டும் ஏதோ ஆங்கில எழுத்துகளாக வந்தன.

குன்னூர் சர்வீஸ்:

சகோதரி, அந்தச் சுருக்கை முதலில் பாருங்கள். எஸ்எஸ்டி அடுத்த வாரம் வாங்கலாம். கேபினெட்டில் ஷாக் அடிக்கிறது என்றால் உங்கள் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு எர்த் போய்ச் சேரவில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழி இல்லாமல் கேபினெட்டிலேயே நிற்கிறது. மழையில் தரை ஈரமாக இருப்பதால் உங்கள் கைக்கு நன்றாகத் தெரிகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழியிலிருந்து வரும் கம்பி துருப்பிடித்து விட்டுப்போயிருப்பதை நம் பக்கத்து வீடுகளில் நிறையப் பார்க்கிறேன். எர்த் இல்லாத இடத்தில் ஸ்பைக் கார்டு மாட்டியும் பெரிதாகப் பயன் இல்லை, அது அதிகப்படியான மின்சாரத்தைத் தள்ளிவிட வேண்டிய இடமே எர்த்தான். அது சரியாகும்வரை கேபினெட்டைத் திறக்காதீர்கள், பின்னால் எதையும் மாட்டிக் கழற்றாதீர்கள். திறக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் திறங்கள்.

பிரிண்டரை யுபிஎஸ்சிலிருந்து எடுத்துவிடுங்கள். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் நேரத்தில் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கும், சின்ன யுபிஎஸ் அதைத் தாங்காது. யுபிஎஸ்சுக்குப் புது பேட்டரி போட்டால், மரம் விழுந்து கரண்ட் போகிற நாளிலும் ஃபைலைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், மோடத்தையும் சேர்த்து. ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வரும்.

பெட்டியைக் கீழே எடுத்துப்போக வேண்டியிருந்தால் ஒன்று சொல்கிறேன். மலைக் குளிரில் இருந்த பெட்டியை மேட்டுப்பாளையத்தில் இறக்கியதும் சுவிட்ச் போடக் கூடாது. கீழே சூடான ஈரக்காற்று, உங்கள் பெட்டிக்குள் இரும்பு ஜில்லென்று இருக்கும், அதன்மேல் நீர் முத்து முத்தாகப் பூக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு போடச் சொல்லுங்கள். அங்கே திறக்கும்போது ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் அதில் படலம் படியும். பல பெட்டிகளுக்கு அந்த ஒரு துடைப்பிலேயே உயிர் வந்திருக்கிறது.

எஸ்எஸ்டி போடும்போது பழைய டிஸ்க்கை அப்படியே குளோன், அதாவது முழு நகல், செய்ய வேண்டாம், அது மஞ்சளில் இருக்கிறது. புதிதாக 64 பிட் விண்டோஸ் 10 போடச் சொல்லுங்கள். அதற்கு முன் பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்கில், சாட்டா என்ற இடம் ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். முறையான விண்டோஸ் என்றால் லைசென்ஸ் போர்டோடு பதிவாகியிருக்கும், டிஸ்க் மாற்றியதற்காகத் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

ஊட்டி டிடிபி:

அம்மா, பாமினி பற்றி நான் சொல்கிறேன், பத்திரிகை அடிக்கும் வேலையில் இதோடுதான் வாழ்கிறேன்.

உங்கள் மகனின் லேப்டாப்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பாமினி ஃபான்ட் அதில் இல்லை, அவ்வளவுதான். பாமினியில் நீங்கள் அடிப்பது உள்ளே ஆங்கில எழுத்தாகவே பதிவாகிறது, ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. ஃபான்ட் இல்லாத இடத்தில், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி வந்து நிற்கும், பார்த்தாலே தெரியும். உங்கள் பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி ஃபைலை எடுத்து அந்தக் காப்பிகளோடு வையுங்கள். டிஸ்க் போன பிறகு உங்களிடம் இருந்த அதே பாமினியைத் தேடிப் பிடிப்பது சிரமம். லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டில் அதே ஃபைலைப் போட்டால், எக்செல் மாதிரியான லிப்ரேஆபீஸ் கால்க்கில் பெயர்கள் தமிழில் தெரியும், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் பேச்சைக் கேட்டால், மெஷினை மாற்றும் இந்தச் சமயத்திலேயே யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் முறைக்கு, போய்விடுங்கள். பாமினியில் நீங்கள் பெயரைத் தமிழாகத் தேடவும் முடியாது, அகர வரிசையில் அடுக்கவும் முடியாது, வாட்ஸ்அப்பில் தமிழாக அனுப்பவும் முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம், விண்டோஸில் ஓடும். பெயர் இருக்கும் பத்தியை மட்டும் எடுத்து மாற்றுங்கள், முழு ஷீட்டையும் போடாதீர்கள். ஆங்கிலத்தில் அடித்த ஃபேக்டரி பெயரோ பேங்க் பெயரோ நடுவில் இருந்தால், கன்வெர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிக் குழப்பிவிடும்.

கை பழகிய விசை மாற வேண்டியதும் இல்லை. விண்டோஸில் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. விரல் பழையபடி அடிக்கும், வருவது யூனிகோடாக இருக்கும். மின்ட்டில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99, டைப்ரைட்டர், போனெட்டிக் விசைப்பலகைகள் கிடைக்கும்.

லினக்ஸுக்கு உங்களுக்கு ஒரே தடை அந்த பிரிண்டர்தான். எல்பிபி 2900 நேராக மாட்டினால் லினக்ஸில் ஓடாது, கேனானின் கேப்ட் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதை ஓட வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். மகன் விடுமுறையில் வரும்போது மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே, டிஸ்க்கில் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டு அச்சானால் யோசிக்கலாம். மின்ட் 22க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

அரவேணு இலைக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

எர்த் கம்பி விட்டுத்தான் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து புதிதாக இழுத்துக் கொடுத்தார். கேபினெட்டில் இப்போது ஷாக் இல்லை. எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி வாங்கினோம். முதலில் கொடுத்த ரேமுக்குத் திரை வரவில்லை, நீங்கள் சொன்ன அதே கதை, உடனே மாற்றிக் கொடுத்தார்கள். விண்டோஸ் 10 புதிதாகப் போட்டு, கூடுதல் அப்டேட்டிலும் சேர்ந்துவிட்டோம். எக்செல் இப்போது கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது.

பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு பெயரையும் பழைய சீட்டோடு வைத்து நானே சரிபார்த்தேன், ஒரே பெயரில் இருவர் இருக்கும் இடங்களில் அப்பா பெயரையும் சேர்த்தேன். முதல்முறையாகப் பெயரைத் தேடினால் வருகிறது. ஒரு பாட்டி போன மாதக் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தபோது, அவர் உட்காருவதற்குள் எடுத்துக் காட்டினேன்.

அக்டோபருக்குள் லினக்ஸா, எட்டாம் தலைமுறைப் பெட்டியா என்று முடிவு செய்கிறோம். மகன் தீபாவளிக்கு வருவதற்குள் அந்தத் தேதி தாண்டிவிடும் என்பதால், அதற்கு முன்னால் ஒரு வாரக்கடைசியில் வந்து பிரிண்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. மூடுபனி நாட்களில் பிரிண்டரில் தாள் இரண்டு இரண்டாக இழுக்கிறது, வெளியே வரும்போது சுருண்டு வருகிறது. இதற்கும் பிரிண்டரை மாற்ற வேண்டுமா?

குன்னூர் சர்வீஸ்:

வேண்டாம் சகோதரி, தாள் ஈரம் குடித்திருக்கிறது. பிரிண்டர் டிரேயில் தாளை விட்டு வைக்காதீர்கள். கட்டைப் பிரித்ததும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு எரிய விடுவோமே, அந்த அலமாரியில், பல்பிலிருந்து தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. அச்சடிக்கும் நாளில் வேண்டிய தாளை மட்டும் எடுத்து, நான்கு ஓரமும் விசிறிவிட்டுப் போடுங்கள். அதன் பிறகும் இரண்டு இரண்டாக வந்தால் தாள் இழுக்கும் ரப்பர் உருளையை லேசாக நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் அந்த உருளை மட்டும் தனியாகக் கிடைக்கும்.